இருபத்தோராம் தலைமுறை சாமுராய்

ஜப்பானில் இன்றைக்குச் சட்டப்படி ஒரு சாமுராய்கூடக் கிடையாது. 1869இல் பிரபுக்கள் தங்கள் நிலங்களைப் பேரரசரிடம் ஒப்படைத்தபோது, சாமுராய்களுக்கு 'ஷிசோகு' என்று ஒரு புதுப் பெயரை வைத்து அரசுப் பதிவேட்டில் ஒரு வகுப்பாக எழுதிக்கொண்டார்கள். 1871இல் குடுமியை வெட்டிக்கொள்ளலாம், வாள் இல்லாமலும் வெளியே போகலாம் என்று ஓர் ஆணை. 1876 மார்ச்சில் அது தடையாகவே மாறியது. ராணுவம், போலீஸ், அரசு விழாவுக்கான சீருடை, இவை தவிர யாரும் வாளோடு தெருவில் நடக்கக் கூடாது. அதே ஆண்டு பரம்பரையாக வந்துகொண்டிருந்த படியையும் நிறுத்தி, கையில் கடன் பத்திரத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறு ஆண்டு தெற்கே சட்சுமா பகுதியில் சாய்கோ தகாமோரி தலைமையில் சாமுராய்களின் கலகம் வெடித்தது, செப்டம்பரில் ககோஷிமாவின் ஷிரோயாமா குன்றில் அடங்கியது. மிச்சமிருந்த 'ஷிசோகு' என்ற குறிப்பும் 1947இல் புது அரசியலமைப்போடு குடும்பப் பதிவேடுகளிலிருந்து போய்விட்டது.

நம் ஊரில் 1948 சட்டத்தோடு ஜமீன்கள் ஒழிந்தன. ஜமீன்தாரின் பேரன் இன்றும் இருப்பார், பழைய பங்களாவும் நாற்காலியும் இருக்கும். ஆனால் ஒருவர் விசிட்டிங் கார்டில் 'ஜமீன்தார்' என்று அச்சடித்துக்கொண்டு வந்தால் நமக்குச் சிரிப்பு வரும். சாமுராய் என்று அச்சடித்துக்கொண்டு வந்தால் மட்டும் ஏனோ வருவதில்லை. காலைத் தொட்டுக் கும்பிட்டுப் பணமும் கட்டுகிறோம்.

இதை எழுத வைத்தவன் என் அக்கா மகன். கோயம்புத்தூரில் இருக்கிறான். பள்ளிக்கூட நாளிலிருந்து கராத்தே. இப்போது மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறான். போன மழைக்காலத்தில் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "மாமா, நீங்க அங்கயே இருக்கறீங்கல்ல, இது நெசமாங்களா?" என்று கேட்டான். நான் தோக்கியோவில் வேலை பார்ப்பதால், ஜப்பான் சம்பந்தப்பட்ட எதுவானாலும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. தோசைக்கல் மாதிரி ஏதோ ஒன்றை வாங்கலாமா என்பதிலிருந்து பூகம்பம் வரை என்னிடம்தான் கேட்பார்கள். இந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். நானும் கராத்தேயில் தொடங்கியவன்தான். இங்கே வந்தபிறகு பழைய வாள் பள்ளிகளின் செயல்விளக்கங்களை விடாமல் போய்ப் பார்க்கிறேன்.

விளம்பரம் இதுதான்: ஐரோப்பாவிலிருந்து ஒரு கிராண்ட் மாஸ்டர் வருகிறார். இருபத்தோராம் தலைமுறை சாமுராய். ஒரு ஜப்பானியக் குடும்பம் அவரைத் தத்தெடுத்து ரகசியக் கலையை ஒப்படைத்திருக்கிறது. மலைமேல் ஒரு ரிசார்ட்டில் மூன்று நாள் முகாம். முடிவில் 'சாமுராய் வாள் வித்தையில் கறுப்பு பெல்ட்'. கட்டணம் முப்பத்தைந்தாயிரம், சான்றிதழுக்குத் தனி. ஆளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இவரை எடுத்துவிட்டு இன்னொருவரை வைத்தாலும் விளம்பரத்தில் ஒரு வரிகூட மாறாது.

முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புக் கிமோனோ, அதன்மேல் ஹகாமா என்ற மடிப்பு வைத்த அகலக் கால்சட்டை, இடுப்பில் வாள், பின்னால் மூங்கில் திரை. கிமோனோ உடுத்தும்போது இடப்பக்கத் துணிதான் மேலே வர வேண்டும், அதாவது உடுத்தியவரின் இடப்பக்கம். வலப்பக்கத்தை மேலே போட்டுக் கட்டுவது ஜப்பானில் பிணத்துக்கு. குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி, கோடைத் திருவிழாவில் யாராவது தெரியாமல் மாற்றிக் கட்டிவிட்டால் வழியில் போகிற பாட்டி நிறுத்திச் சரிசெய்துவிடுவார். நம் கிராண்ட் மாஸ்டர் பிணக்கட்டு கட்டியிருந்தார். சரி, செல்ஃபியாக இருந்தால் இடவலம் மாறித் தெரியுமே என்று ஒரு சந்தேகம். 1860களில் கண்ணாடித் தகட்டில் எடுத்த அசல் சாமுராய் படங்கள் பலவற்றில் இப்படித்தான் வாள் வலப்பக்கம் இருப்பதுபோல் தெரியும். அதற்காக வாளைப் பார்த்தேன். வாள் ஒழுங்காக இடப்பக்கம் இருந்தது. ஆக, படம் திரும்பவில்லை. உடுத்தியவருக்குத்தான் தெரியவில்லை.

அடுத்து சான்றிதழ். ஒரு மாணவர் அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம் இருந்தது. தூரிகையால் எழுதியதுபோல் காட்டுகிற கம்ப்யூட்டர் எழுத்து. அதுகூடப் பரவாயில்லை, இப்போது உண்மையான இடங்களிலும் அச்சடித்துத்தான் தருகிறார்கள். தேதியைத் தேடினேன். ஜப்பானில் பேரரசரின் ஆட்சிப் பெயரோடு ஆண்டை எழுதும் வழக்கம் உண்டு. கிராண்ட் மாஸ்டருக்குத் தன் குரு முழுத் தேர்ச்சி கொடுத்ததாகச் சொல்லும் பத்திரம் பின்னால் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது, அதில் 'ஷோவா 67' என்று இருந்தது. ஷோவா ஆட்சி 1989 ஜனவரி 7ஆம் தேதியோடு முடிந்தது. 64ஆம் ஆண்டு ஏழே நாள். 67 என்று ஓர் ஆண்டு வரவே இல்லை. ஜப்பானில் இருந்து, ஜப்பானியர் ஒருவர், தன் கையால் எழுதிய பத்திரத்தில் இந்தப் பிழை வராது. பேரரசர் இறந்து மூன்று ஆண்டு ஆனதை மறந்துவிட்டு யாரும் தேதி போடமாட்டார்கள்.

அப்புறம் அந்த நானூறு ஆண்டு குடும்ப வாள். வாளின் வயதை வெளியே தெரிகிற பகுதியை வைத்துச் சொல்வது நிபுணர் வேலை. ஆனால் கைப்பிடிக்குள் இருக்கிற பகுதி நிறையச் சொல்லிவிடும். கைப்பிடியில் ஒரு சின்ன மூங்கில் ஆணி இருக்கும். அதைத் தட்டி எடுத்தால் பிடி கழன்று வந்துவிடும். உள்ளே இருக்கும் இரும்பை யாரும் மெருகேற்றுவதில்லை, அதன் துருவே சாட்சி என்று அப்படியே விட்டுவிடுவார்கள். நூற்றாண்டுகள் கடந்த வாளில் அது கருத்து, வழவழவென்று, பழைய வெல்லத்தின் நிறத்துக்கு வந்திருக்கும். அரம் பிடித்த கோடுகள் ஒரு சாய்வில் ஓடும். பல வாள்களில் கொல்லன் பெயரும் வெட்டியிருக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதிகாரிகளுக்காகக் கும்பலாகச் செய்த வாள்களில் சின்னதாக முத்திரை குத்தியிருப்பார்கள், துரு சிவப்பாகவே இருக்கும். ஜப்பானுக்குள் இருக்கும் பழைய வாள் ஒவ்வொன்றுக்கும் மாகாணக் கல்வி வாரியம் கொடுத்த பதிவுச் சீட்டு உண்டு. வெளிநாட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமென்றால் தனி அனுமதி. "பிடியைக் கழற்றி ஒரு படம் அனுப்பச் சொல்லு" என்று மருமகனிடம் சொன்னேன். 'பரம்பரை வாளின் ஆன்மா புண்படும்' என்று பதில் வந்தது. வாள் வைத்திருப்பவர்கள் எண்ணெய் போட்டுத் துடைப்பதற்காக அவ்வப்போது செய்கிற காரியம் இது.

இதெல்லாம் துப்பறியும் வேலை, சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிமோனோவைச் சரியாகக் கட்டவும் தேதியைச் சரியாகப் போடவும் ஒருவர் அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். இந்தப் பதிவைப் படித்துவிட்டே திருத்திக்கொள்ளவும் செய்யலாம். எனக்கு உறுத்துவது அடிப்படையான வேறு ஒன்று. சாமுராய் என்பது சமூகத்தில் ஒரு வகுப்பு, மக்கள்தொகையில் ஏறத்தாழ 5 முதல் 6 சதவீதம். ஷோகுன்கள் என்ற ராணுவ ஆட்சியாளர்கள் ஆண்ட தோக்குகவா காலத்தின் இரண்டரை நூற்றாண்டு அமைதியில் அவர்களில் பெரும்பாலோர் கணக்கெழுதினார்கள், அரிசி அளந்தார்கள், அலுவலகம் போய்வந்தார்கள். வாள் இடுப்பில் இருந்தது என்பதற்காக வாள் வித்தை கையில் இருந்தது என்று அர்த்தமில்லை.

கை தேர்ந்த பலரோ சாமுராயாகப் பிறக்கவே இல்லை. குன்மா மாகாணத்தில் மனிவா நென்-ரியூ என்று ஒரு பள்ளி இருக்கிறது. ஹிகுச்சி குடும்பம் நடத்தி வருகிறது, சுற்றுவட்டார விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகப் பயின்றார்கள். அவர்களுடைய செயல்விளக்கத்தைப் பார்த்தால் சினிமா வாள் வீச்சு பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். பஞ்சடைத்த பெரிய தலைக்கவசம், தடித்த கையுறை, காலை அகல விரித்து உடம்பைத் தாழ்த்தி, உறை போட்ட மூங்கில் வாளோடு ஒருவரை ஒருவர் பார்த்தபடி நெடுநேரம் நிற்பார்கள். திடீரென்று ஒரு வெட்டு. அவ்வளவுதான். தென்னென் ரிஷின்-ரியூவும் அப்படி, தோக்கியோவுக்கு மேற்கே தாமா பகுதி விவசாயிகளிடம் வளர்ந்த பள்ளி. கியோத்தோவை நடுங்க வைத்த ஷின்சென்குமி படையின் தலைவர் கொண்டோ இசாமி அந்தப் பள்ளிக்காரர், விவசாயி மகன். ஜூடோவைத் தந்த கானோ ஜிகோரோ சாக்கே மது காய்ச்சும் வியாபாரக் குடும்பம்.

கராத்தேக்காரர் யாராவது சாமுராய் என்று சொன்னால் கணக்கு இன்னும் சுலபம். கராத்தே ஒகினாவாவுடையது. ரியூக்யூ ராஜ்யமாக இருந்த அந்தத் தீவுகள் ஒகினாவா மாகாணமானது 1879இல், வாள் தடை வந்து மூன்று ஆண்டுக்குப் பிறகு. ஃபுனாகோஷி கிச்சின் தோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டியது 1922. ஆக, ஜப்பானின் பெரிய தீவுகளுக்குக் கராத்தே முறையாக வந்துசேர்ந்தபோது அங்கே வாளேந்தி நடக்கும் சாமுராய் யாரும் இல்லாமல் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கறுப்பு பெல்ட்டும் அப்படித்தான். 'டான்' தரவரிசையைப் போர்க்கலைக்குள் கொண்டுவந்தவர் கானோ, 1883இல். கராத்தேயில் ஃபுனாகோஷி முதல் டான் கொடுத்தது 1924இல். பழைய வாள் பள்ளிகள் கொடுத்தது வேறு. பட்டியல் எழுதிய சுருள்களும், படிப்படியான உரிமங்களும், கடைசியில் மென்கியோ கைடென் என்ற முழு உரிமமும். சில பள்ளிகள் பிற்காலத்தில் டானையும் சேர்த்துக்கொண்டன என்பது உண்மைதான். ஆனால் 'சாமுராய் மரபுப்படி பத்தாம் டான்' என்றால், அந்த மரபு கானோவுக்கு முந்தியதா பிந்தியதா என்று ஒரு கேள்வி போதும்.

போலிகளைப் பற்றிப் பேசும்போது வெளிநாட்டுக்காரர்களை மட்டும் திட்டுவது நியாயமாகாது. சாமுராய் பட்டத்தில் கலப்படம் செய்வதில் ஜப்பானியர்களே முன்னோடிகள். பதினேழாம் நூற்றாண்டில் சவாதா கென்னாய் என்று ஒருவர் இருந்தார். போலி வம்சாவளி எழுதுவதில் மன்னன். தன்னையே ரொக்காக்கு என்ற பழம்பெரும் குடும்பத்தின் வாரிசாக அறிவித்துக்கொண்டு, அதற்கு ஆதாரமாக ஒரு வரலாற்று நூலையும் தயாரித்தார். வரலாற்றாசிரியர்கள் இன்றும் அதன் விஷத்தைக் களைந்துகொண்டிருக்கிறார்கள். தோக்குகவா ஆட்சியை நிறுவிய ஷோகுன் இயேயாசுவே தன் வம்சத்தை மினமோட்டோ என்ற பழம்பெரும் குலத்தோடு இணைத்துக்கொண்டதை ஆய்வாளர்கள் நம்புவதில்லை. அதற்கு முன்னால் சில காலம் ஃபுஜிவாரா என்ற இன்னொரு குலத்தின் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஷோகுன் செய்தால் அரசியல், மற்றவர் செய்தால் மோசடி.

பட்டத்தை விலைக்கு வாங்கவும் முடிந்தது. கடனில் மூழ்கிய கீழ்நிலை சாமுராய்கள் வசதியான வீட்டுப் பிள்ளையைத் தத்தெடுப்பதாகக் காட்டித் தங்கள் இடத்தை விற்றார்கள். 1868இல் எதோ நகரத்தின் (இன்றைய தோக்கியோ) கோட்டையை ரத்தம் சிந்தாமல் ஒப்படைக்கப் பேச்சு நடத்திய கத்சு கைஷூவின் கொள்ளுத் தாத்தா, எச்சிகோ என்ற பகுதியிலிருந்து வந்த பார்வையற்ற மனிதர். வட்டிக்கு விட்டுப் பணக்காரராகி, மகனுக்கு ஒரு சாமுராய் இடத்தை வாங்கிக் கொடுத்தார். அந்த வழியில் வந்தவர்தான் ஷோகுனின் கடற்படையைக் கட்டினார். இவர் அசலா போலியா? எனக்கு இந்தக் கேள்வியே அலுப்பாக இருக்கிறது. கத்சு தன் வேலையைச் செய்து காட்டினார், அவ்வளவுதான்.

வெளிநாட்டுக்காரர் சாமுராய் ஆனதும் நடந்திருக்கிறது. 1600இல் கியூஷூ கரையில் ஒதுங்கிய ஆங்கிலேய மாலுமி வில்லியம் ஆடம்ஸுக்கு இயேயாசு நிலமும் அந்தஸ்தும் கொடுத்து மியூரா அஞ்சின் என்ற சாமுராய் ஆக்கினார். கொடுப்பதற்கு அன்றைக்கு ஒரு இயேயாசு இருந்தார். இன்றைக்கு ஒரு ஜப்பானியக் குடும்பம் யாரைத் தத்தெடுத்தாலும் கொடுக்க முடிவது தங்கள் குடும்பப் பெயரையும் சொத்தையும்தான். தத்து நடந்திருந்தால் அது குடும்பப் பதிவேட்டில் இருக்கும். "எங்கள் சாமுராய் அந்தஸ்து அரசாங்கப் பதிவில் இருக்கிறது" என்று சிலர் சொல்வார்கள், 1872ஆம் ஆண்டுப் பதிவேட்டை மனத்தில் வைத்துக்கொண்டு. அதில் வகுப்பு குறித்திருந்தது உண்மை. ஒதுக்கப்பட்ட மக்களை அடையாளம் கண்டு ஒதுக்க அதைப் பயன்படுத்தினார்கள் என்பதால் 1968இல் அதை யாரும் பார்க்க முடியாதபடி மூடி வைத்துவிட்டார்கள். யாருக்கும் காட்டாத பதிவேட்டைச் சாட்சிக்கு அழைப்பது வசதியான காரியம்.

இன்னும் வசதியான சாட்சிகள் உண்டு. குரு இறந்துவிட்டார். சுருள்கள் 1945 குண்டுவீச்சில் எரிந்துவிட்டன. சத்தியம் செய்திருப்பதால் குருவின் முழுப் பெயரைச் சொல்லக் கூடாது. இவற்றில் ஒவ்வொன்றும் தனியாக நடக்கக்கூடியதே. தோக்கியோ எரிந்ததும் நிஜம், பள்ளிகள் அழிந்ததும் நிஜம். மூன்றும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் நடந்திருந்தால்தான் இடிக்கிறது. பேர்போன வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியின் ரத்த வாரிசு என்பவர்கள் அவ்வப்போது முளைப்பார்கள். முசாஷி 1645இல் இறந்தார், அவருடைய பிள்ளைகளாக அறியப்படும் மிகினோசுகேயும் இயோரியும் தத்துப் பிள்ளைகள்.

சத்தியம் என்றதும் கட்டோரி ஷின்டோ-ரியூ நினைவுக்கு வருகிறது. சிபா மாகாணத்தில், கட்டோரி கோயிலை ஒட்டி, பதினைந்தாம் நூற்றாண்டில் இய்சாசா சோய்சாய் தொடங்கிய பள்ளி. சேருகிறவர் உறுதிமொழி எழுதி, விரலைக் குத்தி ரத்தத்தால் முத்திரை வைக்க வேண்டும். கற்றதை உடன்பிறந்தவரிடம்கூடக் காட்டக் கூடாது, தேர்ச்சி வரும்வரை பிற பள்ளிக்காரரோடு மோதக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. ரகசியம் இவ்வளவு கறாராக இருக்கிறதே, பள்ளியைப் பற்றிய தகவல் மறைந்திருக்கிறதா? இல்லை. யார் தலைவர், யார் ஆசான், பயிற்சிக்கூடம் எங்கே என்பது ஊருக்கே தெரியும். 1960இல் சிபா மாகாணம் அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அங்கே சேர்ந்த முதல் வெளிநாட்டுக்காரர் அமெரிக்கரான டான் டிரேகர், முன்னாள் மரைன் படை வீரர், 1982இல் இறந்தார். அவர் யாரிடம் கற்றார் என்று கேட்டால் ஒரு மூச்சில் பதில் வரும்: ஓத்தாகே ரிசுகே. ரகசியம் வித்தைக்குத்தான், விலாசத்துக்கு இல்லை.

அந்தப் பள்ளியில் எனக்குப் பிடித்த இன்னொரு சங்கதி. இருபதாம் தலைமுறைத் தலைவர், அதாவது தொடங்கியவரின் நேர் வாரிசு, தானே வாள் சொல்லிக்கொடுத்தவர் அல்ல. கற்பித்தது வேறு குடும்பத்தில் பிறந்த ஓத்தாகே. ரத்த வழியும் வித்தை வழியும் வேறு வேறு கையில் இருந்தன, பள்ளிக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை.

தோக்கியோவில் மெய்ஜி கோயில் வளாகத்தில் நவம்பர் 3ஆம் தேதி பழைய பள்ளிகள் வந்து செய்து காட்டுவார்கள். பிப்ரவரியில் புடோகான் அரங்கில் இன்னொரு விழா. முதல்முறை போகிறவர்களுக்குப் பெரும்பாலும் சப்பென்று இருக்கும். மேடையில் வருவோரில் பாதிப் பேர் ஓய்வுபெற்றவர்கள் போலிருப்பார்கள். ஹகாமா வெளிறிப்போயிருக்கும். கும்பிடுவதற்கும் வாளை வைப்பதற்கும் எடுப்பதற்குமே பாதி நேரம் போய்விடும். பிறகு மரவாள்களோடு இருவர் எதிரெதிரே நிற்பார்கள், ஒருவர் வெள்ளைத் தலை, ஒருவர் இளையவர். வெள்ளைத் தலை வெட்ட வருவார், இளையவர் விலகி, மணிக்கட்டிலோ கழுத்திலோ வாளை நிறுத்துவார். வெள்ளைத் தலை பின்வாங்குவார். திரும்ப வெட்ட வருவார், திரும்பத் தோற்பார். காட்சி முழுக்க அப்படியே.

யாரோ பெரியவருக்கு வயதாகிவிட்டது போலும் என்று முதலில் தோன்றும். பெரும்பாலான பழைய வாள் பள்ளிகளில் ஆசானின் இடமே அதுதான். தாக்குகிறவர் மூத்தவர், தோற்கிறவரும் அவரே. எந்த நேரத்தில், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உண்மையாகத் தாக்கினால் மாணவனுக்கு வழி திறக்கும் என்று அறிந்தவரால்தான் சரியாகத் தோற்க முடியும். கொஞ்சம் மெதுவாக வந்தால் மாணவன் சோம்பேறியாவான், கொஞ்சம் பொய்யாக வந்தால் பொய்யைக் கற்பான். அந்தப் பெரியவர் வாளை மாணவனின் நெற்றிக்கு நேராக இறக்கும்போது, அவன் விலகாவிட்டால் நிஜமாகவே விழும் என்பது பார்க்கிறவருக்கும் தெரியும்.

இப்போது நம் கிராண்ட் மாஸ்டரின் காணொளிகளுக்கு வாருங்கள். எல்லாவற்றிலும் அவரே ஜெயிக்கிறார். மாணவர்கள் பறந்து விழுகிறார்கள். அவரை நோக்கி வருகிற வெட்டு அவரைத் தொட முடியாத இடத்தில், அவர் நகர்வதற்கு முன்பே நின்றுவிடுகிறது. ஒரு காணொளியிலாவது அவர் தாக்கி மாணவர் வென்றதாக இருக்கிறதா என்று மருமகனைத் தேடச் சொன்னேன். இல்லை. உடையையும் தேதியையும் திருத்திக்கொள்ளலாம் என்று சொன்னேனே, இதைத் திருத்துவது கஷ்டம். வருகிறவர்கள் கட்டுகிற பணமே அவர் ஜெயிப்பதைப் பார்க்கத்தான்.

இரண்டுங்கெட்டான் கேஸ்களும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். அய்கிடோ என்ற தற்காப்புக் கலையின் மூலமான தாய்தோ-ரியூவைப் பரப்பிய தகேதா சோகாக்கு (1859–1943) அய்சு பகுதியின் அசலான சாமுராய் குடும்பம். தன் கலை பதினோராம் நூற்றாண்டின் மினமோட்டோ யோஷிமிட்சுவிலிருந்து வருகிறது என்றார். அவருக்கு முன்னால் அப்படி ஒரு பள்ளி இருந்ததற்கு ஆவணம் கிடைப்பதில்லை, பல ஆய்வாளர்கள் அவரே உருவாக்கியது என்கிறார்கள். இந்த அளவுகோலில் அவரும் கதை விட்டவர்தான். ஆனால் போன ஊரெல்லாம் யாருக்குக் கற்றுக்கொடுத்தேன், எவ்வளவு வாங்கினேன் என்று நோட்டுப் போட்டு, மாணவர்களின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்தார். 1915இல் ஹொக்காய்டோவில் அவரைச் சந்தித்த உயேஷிபா மொரிஹேய் பிறகு அய்கிடோவை உருவாக்கினார். ஆயிரம் ஆண்டுக் கதையை நம்பாமலே அவருடைய மாணவராக இருக்கலாம். கூலி வாங்கியதும் குற்றமில்லை. படி நின்றுபோன நிஜ சாமுராய்களுக்குப் பிழைப்பு வேண்டுமென்று 1873இல் சகாக்கிபாரா கென்கிச்சி அசாகுசாவில் டிக்கெட் போட்டு வாள் போட்டிக் காட்சி நடத்தினார், கூட்டம் அலைமோதியது.

பட்டம் கொடுக்கும் சங்கங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்துப் பேர் கூடி ஒரு உலகக் கவுன்சில் தொடங்குவார்கள், ஒருவருக்கொருவர் கிராண்ட் மாஸ்டர் பட்டம் கொடுத்துக்கொள்வார்கள். சுவரில் தொங்கும் 'சாமுராயின் ஏழு நற்குணங்கள்' போஸ்டரும் எல்லா இடத்திலும் இருக்கும். அது பெரும்பாலும் நிதோபே இனாசோ 1900இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து இறங்கியது. நிதோபே கிறிஸ்தவர், அமெரிக்காவில் இருந்தபடி, மேலைநாட்டு வாசகர்களுக்காக, ஆங்கிலத்தில் எழுதினார். இந்தப் பட்ட மோகம் விளையாட்டாக முடியாமல் போனதும் உண்டு. சிகாகோவில் ஜான் கீஹன் என்பவர் 1967இல் தன் பெயரைக் கவுண்ட் டான்டே என்று ஸ்பானியப் பிரபு மாதிரி மாற்றிக்கொண்டு, உலகிலேயே ஆபத்தான மனிதன் நான் என்று காமிக்ஸ் புத்தகங்களில் விளம்பரம் கொடுத்தார். 1970இல் தன் ஆட்களோடு போட்டிப் பள்ளி ஒன்றுக்குள் புகுந்தார். அந்தச் சண்டையில் அவருடைய நண்பர் ஒருவர் செத்தார்.

மருமகன் முன்பணம் கட்டியிருந்தான், திரும்பக் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். "போய்ட்டு வா, உருண்டு விழறதாவது ஒழுங்கா சொல்லித் தந்தா சரி" என்றேன். போனான். உருளுவது நன்றாகவே சொல்லித் தந்தாராம். தண்ணீர் பாட்டிலை வாளால் வெட்டுவதும். உங்கள் ஆசான் யார், எந்த ஊர், அங்கே இப்போது யார் இருக்கிறார்கள், நாங்கள் கடிதம் எழுதலாமா என்று நான் எழுதிக் கொடுத்த கேள்வியைக் கடைசி நாள் கேட்டிருக்கிறான். கிராண்ட் மாஸ்டர் கோபிக்கவில்லை. தோளில் கை போட்டு, "இந்தக் கலையே உங்கள் காஞ்சிபுரத்திலிருந்து போதிதர்மர் கொண்டுபோனதுதான், நான் அதை உங்களிடம் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன்" என்றாராம். கூட்டம் கைதட்டியது. கேள்வி அதோடு போயிற்று. சான்றிதழுக்கு இன்னும் நாலு பேர் பணம் கட்டினார்கள்.

இந்த இடத்தில் அந்த ஆளின் தொழில் திறமையை நான் மெச்சுகிறேன். ஊருக்கு ஏற்ற சரக்கு. போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு 547ஆம் ஆண்டை ஒட்டியது, மேற்குப் பகுதியிலிருந்து வந்த பாரசீகத் துறவி என்கிறது. சற்றுப் பிந்திய இன்னொன்று தென்னிந்திய அரசரின் மூன்றாவது மகன் என்கிறது, காஞ்சிக் கதை அந்தக் கிளையில் வளர்ந்தது. இரண்டிலும் சண்டை ஒரு வரிகூட இல்லை. சீனாவின் ஷாவோலின் மடத்துத் துறவிகள் பெயர் வாங்கியது கம்பு வித்தைக்கு, அதையும் அவர்கள் ஒரு காவல் தெய்வம் தந்ததாகத்தான் 1517ஆம் ஆண்டுக் கல்வெட்டில் பொறித்தார்கள். போதிதர்மர் தந்ததாகச் சொல்லும் உடற்பயிற்சி நூல் பதினேழாம் நூற்றாண்டுச் சரக்கு. பழமை காட்டுவதற்காக 628ஆம் ஆண்டில் டாங் வம்சத்துத் தளபதி ஒருவர் எழுதியதாக முன்னுரையை ஒட்டியிருக்கிறார்கள். அந்த முன்னுரையில் கதையில் மட்டுமே வாழ்ந்த ஒரு வீரனின் பெயர் வந்து காட்டிக்கொடுத்துவிட்டது. நம் ஷோவா 67 மாதிரியே.

இதையெல்லாம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பிணக்கட்டுக் கிமோனோவுக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இல்லாத ஆண்டுக்கு இன்னும் அதிகம். அக்கா அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அனுப்பினாள். போதிதர்மர் பற்றி எழுதியதும் குழு கொஞ்ச நேரம் அமைதியானது. பிறகு பெரியப்பா எழுதினார்: "நீ ஜப்பான்காரன் பேச்சைக் கேட்டுட்டுப் பேசாதே தம்பி." அதற்குக் கீழே பதினோரு கும்பிடும் கைகள். அதில் ஒன்று மருமகனுடையது.